கார் ஆலையில் பத்து வாரம்: ஒரு சராசரி எனக்குச் சொல்லித் தந்த பாடம்

ஜெலுத்தோங்கில் இருக்கும் அப்பாவின் மோட்டார் பட்டறையில்தான் நான் வளர்ந்தேன் என்று சொன்னால் மிகையில்லை. பள்ளி விட்டு வந்தால் வீட்டுப் பாடம் செய்வது அங்கேதான். பத்தாம் நம்பர், பன்னிரண்டாம் நம்பர் என்று அப்பா கேட்கக் கேட்க ஸ்பேனர் எடுத்துக் கொடுத்த பழக்கம்தான் என்னை இயந்திரப் பொறியியல் பக்கம் இழுத்து வந்தது.

கார் சக்கரத்தின் நட்டை இறுக்கும்போது அப்பா கடைசியில் ஒரு சின்ன அழுத்தம் கொடுப்பார். "எவ்வளவு அழுத்தணும்பா?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "கை சொல்லும்மா" என்பார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. கை சொல்வதை எண்ணில் எப்படிச் சொல்வது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன்.

எஸ்.பி.எம்., மெட்ரிகுலேஷன் என்று படிப்படியாக வந்து, இன்று நிபோங் திபாலில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்தில் படிக்கிறேன். மூன்றாம் ஆண்டு முடிந்த நீண்ட விடுமுறையில் தொழிற்பயிற்சிக்குப் போக வேண்டும். நம் நாட்டில் பொறியியல் பட்டப்படிப்புகளை அங்கீகரிக்கும் பொறியியல் அங்கீகார மன்றம், குறைந்தது எட்டு வாரத் தொடர் பயிற்சியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. எனக்குப் பத்து வாரம். அந்தப் பத்து வாரத்தில் நான் கற்றதையும், செய்த ஒரு தவற்றையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

பினாங்கில் இல்லாத தொழிற்சாலை

பினாங்கு மாணவர்களுக்குத் தொழிற்பயிற்சி என்றாலே நினைவுக்கு வருவது பாயான் லெப்பாஸ். 1972-இல் அங்கே நாட்டின் முதல் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கப்பட்டது. இன்டெல், போஷ், கிளேரியன் போன்ற நிறுவனங்கள் ஆரம்பத்திலேயே வந்தன. என் வகுப்புத் தோழர்களில் பாதிப் பேர் அங்கேயே இடம் பிடித்துவிட்டார்கள். வீட்டுச் சாப்பாடு, மோட்டார் சைக்கிளில் அரை மணி நேரப் பயணம். யாருக்குத்தான் கசக்கும்?

எனக்கோ கார் வேண்டும். பினாங்கில் சில்லு செய்கிறார்கள், கார் வானொலி செய்கிறார்கள். ஆனால் முழுக் கார் உருவாகும் வரிசையைப் பார்க்க வேண்டுமென்றால் பாலத்தைக் கடக்க வேண்டும். அந்தப் பாலத்துக்கும் நம் நாட்டுக் காருக்கும் ஓர் உறவு உண்டு. முதல் தேசியக் காரான புரோட்டோன் சாகா வெளிவந்ததும் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டதும் 1985-இல்தான். அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர் சாகாவை ஓட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்த படத்தை அப்பா இன்னும் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்.

நம் நாட்டில் கார் உற்பத்தி அதற்கும் முந்தியது. 1967-லேயே ஷா ஆலாமில் வோல்வோ கார்கள் பொருத்தப்பட்டன. 1983-இல் புரோட்டோன், 1993-இல் பெரோடுவா என்று நிறுவனங்கள் பிறந்தன. இன்று ஷா ஆலாம், தஞ்சோங் மாலிம், ரவாங், பெக்கான், மலாக்காவின் பெகோ, கெடாவின் கூலிம் என்று பல இடங்களில் கார்கள் உருவாகின்றன. 2024-இல் நாட்டில் விற்ற வாகனங்கள் 8 லட்சத்து 16 ஆயிரத்துக்கும் மேல். இவ்வளவு பெரிய துறையில் ஒரு மாணவிக்கு இடமில்லாமலா போகும் என்று விண்ணப்பிக்க ஆரம்பித்தேன்.

இருபத்து மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டுக்கு மட்டுமே பதில் வந்தது. ஒன்று "இடம் நிரம்பிவிட்டது." மற்றொன்று நேர்காணல் அழைப்பு. இணையவழி நேர்காணலில் என் மதிப்பெண்ணைப் பற்றி ஒரு கேள்விதான் கேட்டார்கள். மீதி நேரம் முழுக்க அப்பாவின் பட்டறையைப் பற்றியே பேச்சு. கிளட்ச் தட்டு தேய்ந்தால் என்ன அறிகுறி என்று கேட்டார்கள். அதை நான் பாடப் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை. அடுத்த வாரம் கடிதம் வந்தது.

ஆலை சிலாங்கூரில் இருக்கிறது. பெயரைச் சொல்லவில்லை. பயிற்சியில் சேரும் நாளிலேயே ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறேன். கீழே வரும் உற்பத்தி எண்களும் விளக்கத்துக்காக எளிமையாக்கப்பட்டவைதான்.

எஃகுத் தகட்டிலிருந்து கார் வரை

முதல் நாள் என்னிடமிருந்து கழற்றச் சொன்னவை: கைக்கடிகாரம், மோதிரம், இடுப்பு வாரின் உலோகக் கொக்கி. புதுக் காரின் வண்ணத்தில் ஒரு கீறல் விழ ஒரு மோதிரம் போதும். கோயில் கயிற்றைக் கழற்ற மனம் வரவில்லை. அதை மறைத்து, மணிக்கட்டைச் சுற்றித் துணிப் பட்டை கட்டிவிட்டார்கள். காலில் இரும்பு முனை வைத்த பாதுகாப்புக் காலணி. முதல் வாரம் முடிவதற்குள் இரண்டு குதிகாலிலும் கொப்புளம்.

முதல் மூன்று வாரம் ஒவ்வொரு பிரிவாகச் சுற்றினேன். ஒரு கார் எப்படிப் பிறக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் உடற்பகுதிப் பிரிவு. அச்சில் அழுத்தி வளைத்த எஃகுத் தகடுகளை இங்கே ஒட்டவைப்பு செய்கிறார்கள். இரண்டு தகடுகளைச் செப்பு முனைகளுக்கு நடுவே பிடித்து மின்சாரம் பாய்ச்சினால் அந்தப் புள்ளி மட்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். ஒரு காரின் உடலில் இப்படி 3,000 முதல் 5,000 புள்ளிகள் வரை இருக்கும். எந்திரக் கைகள் செய்யும்போது தீபாவளி மத்தாப்பு போலப் பொறி பறக்கும்.

அடுத்தது வண்ணப் பிரிவு. வெறும் எஃகு உடலை முழுசாக ஒரு தொட்டியில் முக்கி எடுக்கிறார்கள். தொட்டியில் இருக்கும் பூச்சு மின்சாரத்தின் உதவியால் உடலின் மூலை முடுக்கெல்லாம் படிகிறது. துருப் பிடிக்காமல் காப்பது இதுதான். பிறகு சூளை, அதன் மேல் அடிப்பூச்சு, வண்ணம், பளபளப்புப் பூச்சு. இத்தனையும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன்தான் வரும். இந்தப் பிரிவுக்குள் போகும்போது காற்றுக் குளியல் அறையில் நின்று உடையில் உள்ள தூசியைப் போக்கிவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஒரு தூசி விழுந்தால் அந்த இடத்தைத் தேய்த்து மறுபடி பூச வேண்டிவரும்.

கடைசியாகப் பொருத்தும் வரிசை. வயர், இருக்கை, கண்ணாடி, இன்ஜின், சக்கரம் என்று எல்லாம் இங்கேதான் காரில் ஏறுகின்றன. திருகாணி வரை எண்ணினால் ஒரு காரில் ஏறத்தாழ 30,000 உதிரிப் பாகங்கள். மனிதர்கள் அதிகம் வேலை செய்வதும் இந்த வரிசையில்தான்.

சக்கர நட்டு இறுக்கும் நிலையத்தில் நான் வெகுநேரம் நின்றேன். அங்கே கை சொல்வதில்லை, கருவி சொல்கிறது. சிறிய கார்களுக்குச் சுமார் 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. அந்த அளவை எட்டியதும் கருவி தானே நிற்கும். அளவு கணினியில் பதிவாகும். ஒரு நட்டு விடுபட்டாலும் கார் அடுத்த நிலையத்துக்கு நகராது. அன்றிரவு அப்பாவுக்குப் போன் செய்து "கை சொல்றது நூறு நியூட்டன் மீட்டராம்பா" என்றேன். அவர் சிரித்தார்.

மூன்று நிமிடக் கணக்கு

பொருத்தும் வரிசை நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். அதன் வேகத்தை நிர்ணயிப்பது ஓர் எளிய வகுத்தல் கணக்கு. ஒரு ஷிப்டில் ஓய்வு நேரம் போக 450 நிமிடம் இருக்கிறது, 150 கார் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். 450-ஐ 150-ஆல் வகுத்தால் மூன்று நிமிடம். ஆக, ஒவ்வொரு நிலையமும் தன் வேலையை மூன்று நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். இதை டாக்ட் நேரம் என்கிறார்கள்.

முடிக்க முடியாவிட்டால்? தொழிலாளி தலைக்கு மேலே ஓடும் கயிற்றை இழுப்பார். மஞ்சள் விளக்கு எரியும், பாட்டு ஒலிக்கும், குழுத் தலைவர் ஓடி வருவார். அப்போதும் தீரவில்லை என்றால் வரிசையே நிற்கும். இந்த விளக்குக்கு ஆண்டோன் என்று பெயர். ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் வளர்த்தெடுத்த முறை இது. அதன் வேர் கார் ஆலையில் இல்லை, தறியில் இருக்கிறது. டொயோட்டா குடும்பத்தின் மூத்தவரான சாகிச்சி டொயோடா 1924-இல் உருவாக்கிய தானியங்கித் தறி, நூல் அறுந்தவுடன் தானாகவே நின்றுவிடும். பழுதான துணியை மளமளவென்று நெய்து தள்ளுவதைவிட நிறுத்திச் சரிசெய்வது மேல் என்ற எண்ணம்தான் பின்னாளில் கார் ஆலைக்கும் வந்தது.

நான்காம் வாரம் என் மேற்பார்வைப் பொறியாளர் ஒரு வேலை கொடுத்தார். பின்கதவு நிலையத்தில் மஞ்சள் விளக்கு அடிக்கடி எரிகிறது. போய் நேரம் அளந்து வா.

என் முதல் சொந்த வேலை. ஸ்டாப்வாட்ச், அட்டை, பேனாவோடு போய் நின்றேன்.

அந்த நிலையத்தில் வேலை செய்தவர் ஒரு தமிழ் அக்கா. பத்தொன்பது வருட அனுபவம். முதல் வாரம் உணவகத்தில் தனியாக உட்கார்ந்திருந்த என்னை, "எந்த ஊரு தங்கச்சி?" என்று கேட்டுத் தன் மேசைக்கு அழைத்தவர் அவர்தான். குதிகால் கொப்புளத்துக்கு இரண்டு சாக்ஸ் போடச் சொன்னவரும் அவர்தான். அவர் வேலை செய்யச் செய்ய நான் முப்பது கார்களுக்கு நேரம் குறித்தேன். சராசரி மூன்று நிமிடம் பத்து விநாடி. டாக்ட் நேரத்தைவிடப் பத்து விநாடி அதிகம்.

அழகாக ஓர் அட்டவணை போட்டேன். நிலையத்தின் எண், தொழிலாளியின் பெயர், சராசரி நேரம், டாக்ட் நேரம். மிஞ்சிய பத்து விநாடியைச் சிவப்பு வண்ணத்தில் காட்டினேன். வரைபடம் வேறு. பொறியாளர் பார்த்துவிட்டு "நன்றாக இருக்கிறது" என்றார். அன்று மாலை முழுவதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"நீ எழுதின தாள்தானே?"

மறுநாள் காலைக் கூட்டத்தில் என் அட்டவணை திரையில் வந்தது. ஒரு பிரிவுத் தலைவர் அதைப் பார்த்துவிட்டு, ஆளை மாற்றிப் பாருங்கள் என்றார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

நண்பகல் உணவகத்தில் வழக்கம்போல அக்காவின் மேசைக்குப் போனேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என்னைய ஸ்டோருக்கு மாத்தப் போறாங்களாம். நீ எழுதின தாள்தானே அது?"

எனக்கு வாய் அடைத்துப்போனது. ஸ்டோருக்கு மாறினால் வரிசைப் பணிக்கான படித்தொகை போய்விடும், மிகைநேர வேலையும் குறையும். இதை அவரே சொன்னார். அவருடைய மகன் பொலிடெக்னிக்கில் படிக்கிறான் என்பது எனக்கு முன்பே தெரியும். தட்டை எடுத்துக்கொண்டு அவர் எழுந்து போனார்.

நான் பொய் எழுதவில்லை. ஒவ்வொரு விநாடியும் உண்மை. ஆனாலும் ஏதோ தவறு செய்துவிட்டேன் என்று மட்டும் தெரிந்தது. எது என்று தெரியவில்லை.

இரவு அப்பாவிடம் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். "வண்டி மேடு ஏறலன்னு ஒருத்தர் பட்டறைக்கு வந்தா, டிரைவரை மாத்துங்கன்னா சொல்லி அனுப்புவேன்? பானெட்டைத் திறந்து பார்க்க வேணாமா?"

நான் பானெட்டைத் திறந்தே பார்க்கவில்லை. நேரத்தை மட்டும் அளந்தேன். அந்த நேரம் எங்கே போகிறது என்று பார்க்கவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பொறியாளரிடம் போய், "என் அறிக்கை முழுமையானதல்ல, இரண்டு நாள் கொடுங்கள்" என்றேன். சொல்வதற்குள் உள்ளங்கை வியர்த்துவிட்டது. நேற்றுப் பாராட்டியவரிடம் இன்று போய் "அது சரியில்லை" என்று சொல்வது சுலபமில்லை. அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். அதுவரை ஆள் மாற்றத்தை நிறுத்தி வைக்கச் சொல்கிறேன்" என்றார்.

சராசரிக்குள் ஒளிந்திருந்த இரண்டு கார்கள்

முதலில் அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "உங்க வேலையை எனக்குச் சொல்லிக் கொடுங்கக்கா. அளக்க மாட்டேன். பார்க்க மட்டும் செய்றேன்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் நான் நிற்க இடம் விட்டார்.

அரை நாள் நின்றேன். அப்போதுதான் ஸ்டாப்வாட்ச் காட்டாதது கண்ணில் பட்டது. வரிசையில் இரண்டு ரகக் கார்கள் கலந்து வந்தன. சாதாரண ரகத்தில் பின்பக்கக் கேமரா இல்லை, உயர் ரகத்தில் உண்டு. உயர் ரகம் வரும்போதெல்லாம் அக்கா தூணுக்குப் பின்னால் இருந்த அடுக்குக்கு நடந்தார். ஏழு அடி எடுத்து வைத்துப் போய், ஏழு அடி திரும்பி வந்தார். கேமராவையும் பின்கதவின் உட்பலகையையும் ஒரே நேரத்தில் தூக்க முடியாது. அதனால் இரண்டு நடை. ஒரு காருக்கு 28 அடி.

"அந்த அடுக்கு முன்னாடி இங்கதான் இருந்துச்சு" என்று அக்கா முதல் முறையாக வாய் திறந்தார். "கேமரா வண்டி வந்தப்போ இடம் பத்தலன்னு அங்க தள்ளி வச்சாங்க. சொன்னேன். யாரு கேக்குறா?"

என் பழைய முப்பது அளவுகளை எடுத்து ரகவாரியாகப் பிரித்தேன். பதினெட்டு கார்கள் சாதாரண ரகம். அவற்றின் சராசரி இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி, டாக்ட் நேரத்தைவிடப் பத்து விநாடி குறைவு. பன்னிரண்டு கார்கள் உயர் ரகம். அவற்றின் சராசரி மூன்று நிமிடம் நாற்பது விநாடி. நான் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கூட்டி வகுத்ததால் மூன்று நிமிடம் பத்து விநாடி வந்தது. அந்த நேரத்தில் முடிந்த கார் என்று அந்த வரிசையில் ஒன்றுகூட இல்லை. எந்தக் காரையும் குறிக்காத ஓர் எண்ணை வைத்து ஒரு மனிதரை அளந்திருக்கிறேன்.

புள்ளியியல் பாடத்தில் இதைப் படித்திருக்கிறேன். வேறுபட்ட இரண்டு குழுக்களைக் கலந்து சராசரி எடுக்காதே என்று தேர்வில் எழுதியும் இருக்கிறேன். பள்ளி நாளிலிருந்தே சராசரி கணக்குப் போடுகிறோம். ஆனால் அந்த எண் ஒருவருடைய சம்பளத்தைத் தொடும் என்று நினைத்துப் போட்டதில்லை.

இன்னொரு சோதனையும் பாக்கி இருந்தது. ஆள்தான் காரணம் என்றால், ஆள் மாறினால் நேரம் மாற வேண்டும். வியாழக்கிழமை இரவு ஷிப்டுக்குத் தங்கினேன். அதே நிலையத்தில் இருபத்து நான்கு வயது மலாய் இளைஞர். ஆரோக்கியமான, சுறுசுறுப்பான ஆள். சாதாரண ரகம் இரண்டு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி, உயர் ரகம் மூன்று நிமிடம் நாற்பத்திரண்டு விநாடி. அக்காவைவிட இரண்டு விநாடி அதிகம்! இரவிலும் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. காலைக் கூட்டத்தில் அதை யாரும் பேசவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை

புது அறிக்கையில் தொழிலாளியின் பெயரை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக நிலையத்தின் தரைப்படத்தை வரைந்து, நடந்த பாதையைக் கோடாக இழுத்திருந்தேன். உயர் ரகக் கார் ஒரு ஷிப்டுக்கு அறுபது வந்தால் 1,680 அடி வீண் நடை என்று கணக்கும் போட்டேன். கூட்டத்தில் பேச்சு மலாயிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிப் போகும். எனக்கு இரண்டிலும் குரல் நடுங்கியது. முதல் அறிக்கையில் நான் செய்த பிழையையும் அங்கேயே சொன்னேன். யாரும் திட்டவில்லை. ஆளை மாற்றச் சொன்ன அதே தலைவர், "சரி, என்ன செய்யலாம்?" என்று கேட்டார்.

யோசனையில் பாதி அக்காவுடையது. காரோடு கூடவே நகரும் சின்னத் தள்ளுவண்டியில், அந்தக் காருக்கான பாகங்களை ஸ்டோரிலேயே அடுக்கி அனுப்புவது. இதில் பதினெட்டு விநாடி மிச்சமாகும். கேமரா வயரை இணைக்கும் வேலையைக் கொஞ்சம் ஓய்வாக இருந்த முந்தைய நிலையத்துக்கு மாற்றுவது. இதில் பன்னிரண்டு விநாடி. உயர் ரகத்தின் நேரம் மூன்று நிமிடம் பத்து விநாடிக்கு இறங்கியது. அது இன்னும் டாக்ட் நேரத்தைத் தாண்டுகிறதே என்று கேட்பீர்கள். உயர் ரகக் கார்கள் அடுத்தடுத்து வராமல் நடுவில் சாதாரண ரகம் வரும்படி வரிசைப்படுத்தினால் ஒன்றின் மிகையை மற்றொன்று ஈடுகட்டும். இதைச் சமன்படுத்துதல் என்கிறார்கள். அதைத் திட்டமிடும் பிரிவு ஒப்புக்கொண்டது.

எட்டாம் வாரம் மாற்றம் நடைமுறைக்கு வந்தது. முதல் இரண்டு நாள் தள்ளுவண்டியில் பாகங்களைத் தவறாக அடுக்கி அனுப்பி ஒரே குழப்பம். ரகத்துக்கு ஒரு வண்ண அட்டை மாட்டிய பிறகுதான் சரியானது. மஞ்சள் விளக்கு முற்றிலும் அணைந்துவிடவில்லை. எப்போதாவது எரிகிறது. அக்கா அதே நிலையத்தில் இருக்கிறார்.

என்னால்தான் அவர் வேலை காப்பாற்றப்பட்டது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. என்னால்தான் அது ஆட்டம் கண்டது. நான் செய்தது என் பிழையைத் திருத்தியது மட்டுமே.

கடைசி நாள் விடைபெறப் போனபோது அக்கா சொன்னார்: "அடுத்த வருஷம் வர்ற பிள்ளைக்கு எழுதி வச்சிட்டுப் போ. முதல் நாள் கடிகாரம் எடுத்துட்டு வர வேணாம். எங்கூட நின்னு நாலு வண்டி மாட்டட்டும். அப்புறம் அளக்கட்டும்." அதை என் இறுதி அறிக்கையில் பரிந்துரையாகவே சேர்த்தேன்.

தம்பி தங்கைகளுக்குச் சில குறிப்புகள்

பயிற்சிக்குப் போகவிருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு முன்பே விண்ணப்பியுங்கள். பெரிய நிறுவனங்களில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். நிறுவனம் நேரடியாகக் கார் செய்ய வேண்டும் என்பதில்லை. இருக்கை, பிரேக், வயர் செய்யும் உதிரிப்பாக ஆலைகளிலும் இதே முறைகளைக் கற்கலாம்.

பினாங்கைவிட்டு வெளியே போக முடியாதவர்களும் வருந்த வேண்டாம். இன்றைய காரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சில்லுகள் இருக்கின்றன. 2021-இல் சில்லுத் தட்டுப்பாடு வந்தபோது உலகெங்கும் கார் ஆலைகள் உற்பத்தியை நிறுத்த வேண்டியதாயிற்று. புரோட்டோன் 2024 இறுதியில் தன் முதல் மின்சாரக் காரை வெளியிட்டிருக்கிறது. மின்சாரக் கார் பெருகப் பெருக, மின்னியலும் மின்னணுவியலும் படித்தவர்களுக்குக் கார்த் துறையில் தேவை கூடும். பாயான் லெப்பாஸில் கற்பதும் கார்த் தொழில்தான்.

செலவுக் கணக்கை முன்கூட்டியே போடுங்கள். எனக்கு மாதம் 800 வெள்ளி உதவித்தொகை. அறை வாடகை 300, சாப்பாடு, பேருந்து போக மிஞ்சியது சொற்பம். ஊரைவிட்டுப் போகிறவர்கள் முதல் மாதச் செலவுக்குக் கையில் பணம் வைத்திருப்பது அவசியம். உதவித்தொகை மாத இறுதியில்தான் வரும்.

குறிப்பேட்டை அன்றன்றே எழுதுங்கள். வெள்ளிக்கிழமை உட்கார்ந்து ஐந்து நாளைச் சேர்த்து எழுதினால் உங்களுக்கே நம்பிக்கை வராது. நான் அளவுகளோடு காரின் ரகத்தையும் குறித்து வைத்திருந்ததால்தான் பழைய முப்பது அளவுகளைப் பிரித்துப் பார்க்க முடிந்தது.

இடைநிலைப் பள்ளி மாணவர்களே, இயற்பியலும் கூடுதல் கணிதமும் கடினம் என்று விட்டுவிடாதீர்கள். பட்டப்படிப்புத்தான் ஒரே வழி என்றும் இல்லை. ஆலையில் எந்திரக் கைகளைப் பழுதுபார்த்த தொழில்நுட்பர்களில் பலர் பொலிடெக்னிக்கிலும் தொழிற்பயிற்சிக் கழகங்களிலும் படித்தவர்கள். எந்திரம் நின்றால் பொறியாளர்கள் முதலில் தேடுவது அவர்களைத்தான். மலாய், ஆங்கிலம் இரண்டிலும் நாலு பேர் முன்னால் பேசிப் பழகுங்கள். உங்களிடம் சரியான விடை இருந்தும் சொல்லத் தெரியாமல் போனால் அதற்குப் பயனில்லை.

தவறு செய்தால் சீக்கிரம் சொல்லுங்கள். நான் இன்னும் இரண்டு நாள் தயங்கியிருந்தால் அக்கா ஸ்டோருக்குப் போயிருப்பார்.

பினாங்குக்குத் திரும்பும்போது, மிச்சம் பிடித்த பணத்தில் அப்பாவுக்கு முறுக்கு விசையைக் காட்டும் டிஜிட்டல் ஸ்பேனர் ஒன்று வாங்கி வந்தேன். பட்டறையில் அன்று நின்றிருந்த ஒரு மைவியின் சக்கரத்தில், அப்பா கையால் இறுக்கிய நான்கு நட்டுகளையும் சோதித்தோம். முதல் மூன்றும் நூறை ஒட்டியே வந்தன. நான்காவது 128 காட்டியது. அப்பா ஸ்பேனரை வாங்கி இன்னொரு தடவை பார்த்தார்.

"அது ஆளு அவசரப்படுத்தினப்போ போட்டதும்மா" என்றார். பிறகு அந்த நட்டைத் தளர்த்தி, மீண்டும் முதலிலிருந்து இறுக்கினார்.